மஞ்சளும் மிளகும்: மூலிகை உடலினுள் செல்லும் வழி

மூலிகையால் பயன் கிடைக்காவிட்டாலும் தீங்கு வராது என்று எமது கிராமங்களில் பலரும் நம்புகின்றனர். ஆதலால் வீட்டில் அருந்தும் குடிநீரையும் சூரணத்தையும் பற்றி ஆஸ்பத்திரியில் வாய்திறப்பவர் குறைவு. இந்நம்பிக்கை சரியா என்பதை அறிய, உட்கொண்ட மூலிகைக்கு உடலினுள் என்ன நிகழ்கின்றது என்று நோக்குவோம். மஞ்சளை உதாரணமாகக் கொள்வோம்.

இரண்டு காவல்கள்

வாயால் உட்கொள்ளும் மருந்து முதலில் குடற்சுவரைக் கடக்க வேண்டும். அடுத்தது ஈரல். குடலிலிருந்து செல்லும் இரத்தம் நேரே ஈரலுக்கே போகின்றது. அங்குள்ள நொதியங்கள் மருந்தை மாற்றி, சிறுநீருடனோ பித்தத்துடனோ வெளியேறச் செய்கின்றன.

மஞ்சளிலுள்ள குர்க்குமின் நீரில் இலகுவில் கரையாது. எனவே பெரும்பகுதி மலத்துடன் கழிந்துவிடும். உட்புகும் சிறுபகுதியையும் குடற்சுவரும் ஈரலும் விரைவில் மாற்றிவிடுகின்றன.

மிளகின் வேலை

1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் சுகதேகிகளுக்கு 2 கிராம் குர்க்குமினைத் தனியே கொடுத்தபோது, இரத்தத்தில் அது மிகச் சொற்பமாகவே காணப்பட்டது. மிளகின் உறைப்புச் சத்தான பிப்பெரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது, உடல் ஏற்ற அளவு ஏறக்குறைய 20 மடங்காகியது. பிப்பெரின் நொதியங்களின் வேலையைச் சிறிதுநேரம் தடுத்து வைப்பதே இதற்குக் காரணம். சித்த மருந்துகள் பலவற்றில் சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய திரிகடுகம் சேர்க்கப்படுவதை நாம் அறிவோம்.

மறுபக்கம்

ஆனால் நொதியங்கள் மூலிகை, குளிசை என்று பேதம் பார்ப்பதில்லை. 1987இலும் 1991இலும் வெளியான ஆய்வுகளில், வலிப்புக்கான பெனிற்றோயின், இரத்த அழுத்தத்துக்கான புரொப்பிரனோலோல், தொய்வுக்கான தியோபிலின் ஆகியவற்றின் அளவும் பிப்பெரினால் இரத்தத்தில் கூடியது. பெனிற்றோயின் மிகுந்தால் தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும் உண்டாகும். வைத்தியர் சரியாக அளந்து கொடுத்த குளிசையே அளவுமீறிப் போகலாம்.

பாகற்காய்ச் சாறு வேறுவிதமாகச் செயற்படுகின்றது. அது தானே சீனியைக் குறைக்கும். நீரிழிவுக் குளிசையுடன் சேரும்போது சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

செறிவாக்கிய மஞ்சள் குளிசைகளால் ஈரல் பாதிப்புற்ற 10 பேரைப் பற்றி அமெரிக்க ஆய்வொன்று 2022இல் எடுத்துரைத்தது. அக்குளிசைகள் சிலவற்றில் மிளகுச் சத்தும் இருந்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. கறிக்கு வழமையாக இடும் மஞ்சளையும் மிளகையும் விலக்க வேண்டியதில்லை. சூரணமாகவோ குளிசையாகவோ நாள்தோறும் எடுப்பதாயின் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

2. கிளினிக் செல்லும்போது வீட்டு மருந்தின் பெயரையும் அளவையும் சொல்ல வேண்டும். சித்த வைத்தியரிடம் ஆஸ்பத்திரிக் குளிசைகளைக் காட்ட வேண்டும்.

3. ஈரல், சிறுநீரக நோயாளரும் கர்ப்பிணிகளும் தாமாகவே மூலிகை மருந்து எடுக்கக்கூடாது.

4. குளிசையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

வேலை செய்யும் மருந்து எதுவோ, அது தீங்கும் செய்யவல்லது. மூலிகைக்கு வலிமை உண்டென்று நம்பும் நாம், அதே வலிமைக்காக அதனை வைத்தியரிடம் சொல்லவும் வேண்டும்.

கலந்துரையாடலுக்கு

அ. எமது வீடுகளில் குளிசையுடன் சேர்த்து எடுக்கப்படும் கைமருந்துகள் யாவை?

ஆ. அவற்றை வைத்தியரிடம் சொல்ல எம்மைத் தடுப்பது அச்சமா, வெட்கமா, நேரமின்மையா?