தேடுசொல்லும் நோய்க் கணக்கும்

புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டெனத் துணிதல் கருதல் அளவை என்பதை மாணாக்கர் அறிவர். மூடுபனியைப் புகையென மயங்குவோன் நெருப்பில்லா இடத்தும் நெருப்பு உண்டென்பான். வகுப்பிலே யாம் வழக்கமாகக் கூறும் இவ்வுதாரணத்துக்கு இக்கால விஞ்ஞானத்திலும் ஒரு சான்று உண்டு.

இன்புளுவென்சாக் காய்ச்சல் ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் குளிர்காலத்திற் பரவுவது. காய்ச்சலும் இருமலுமாக வருவோர் தொகையை வைத்தியர்கள் வாரந்தோறும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அறிவிப்பர். அக்கணக்குத் திரண்டு வெளிவர ஓரிரு வாரங்கள் செல்லும். மருந்தும் படுக்கையும் ஆயத்தஞ் செய்யவேண்டிய வைத்தியசாலைகளுக்கு அவ்வாரங்கள் மிக அரியவை.

இக்குறையை நீக்கக் கருதிய கூகிள் நிறுவனம் 2008 ஆம் ஆண்டில் ஒரு புதுமுறையை வெளியிட்டது. நோயுற்றோர் இணையத்தில் அந்நோய் பற்றித் தேடுவர். ஆதலின், தேடுசொற்களை எண்ணி நோயின் பரவலை உடனுக்குடன் அறியலாம் என்பதே அதன் அடிப்படை. 5 கோடித் தேடுதொடர்களை ஆராய்ந்து, வைத்தியர் கணக்கோடு ஒத்து ஏறி ஒத்து இறங்கிய 45 தொடர்களைத் தெரிந்தெடுத்தனர். தொடக்கத்திற் கணிப்பு நன்கு பொருந்திற்று, உலகம் வியந்தது.

பின்னர் நிகழ்ந்தது யாது? 2009 ஆம் ஆண்டு வசந்தத்திற் பன்றிக் காய்ச்சல் பரவியபோது இம்முறை அதனைக் குறைத்து மதித்தது. 2012–13 குளிர்கால உச்சத்திலோ, வைத்தியர் கணக்கினும் ஏறக்குறைய இருமடங்கு கூறிற்று. 2011 ஆகஸ்ட் முதலான 108 வாரங்களுள் 100 வாரங்களில் அது மிகைபடக் கூறியதை 2014 இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டிற்று. 2015 இல் கூகிள் அக்கணிப்பை வெளியிடுவதை நிறுத்தியது.

பிழைக்குக் காரணங்கள் பல கூறப்பட்டன. செய்தி கேட்டு அஞ்சிய நலமுடையோரும் தேடியிருத்தல் கூடும். தேடுபொறி தானே சொற்களை எடுத்துக்கொடுத்துத் தேடலைப் பெருக்கியிருத்தல் கூடும். நோயோடன்றிக் குளிர்காலத்தோடு மட்டும் இயைந்த சொற்களும் கலந்திருத்தல் கூடும். இவை யாவும் பனியைப் புகையெனக் கொண்ட வழுவேயாம்.

ஆயினும், இம்முறை முற்றும் பயனற்றதன்று. தேடற் கணக்கையும் வைத்தியர் தந்த முன்வாரக் கணக்கையும் இணைத்து நோக்கியபோது, தனித்தனியே நோக்கியதினும் கணிப்புச் செம்மையுற்றதென அவ்வாய்வே கூறுகின்றது. கருதலுக்குக் காட்சி துணைநிற்றல் வேண்டும். ஒரு சொல்லைப் பலர் தேடினர் என்பது ஒன்று. பலர் நோயுற்றனர் என்பது வேறொன்று. கணினியின் துணைகொண்டு கற்கும் எம் மாணாக்கர், விடை எத்துணை விரைவில் வந்ததென வியக்குமுன், அஃது எதனை எண்ணி வந்ததென வினவப் பழகுவாராக.