சுமை ஆடினால் சைக்கிளும் ஆடும்



டியூஷனுக்கும் கடைக்கும் கோயில் வகுப்புக்கும் நம்மில் பலர் இன்னும் சைக்கிளில்தான் போய் வருகிறோம். லைசென்ஸ் எடுக்கும் வயது வரும்வரை நம் கால்தான் எஞ்சின். சைக்கிள் ஓட்டச் சொல்லித்தர வீட்டில் யாராவது இருப்பார்கள். ஆனால் பையை எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது என்று சொல்லித்தருபவர்கள் குறைவு. "ஹேண்டல்ல மாட்டிக்கிட்டுப் போடா" என்பதோடு பாடம் முடிந்துவிடும். இந்த மாதம் அந்தப் பாடத்தை முழுசாகப் படிப்போம்.

இது சின்ன விஷயம் இல்லை. வாரக் கடைசியில் நான் பாடம் சொல்லித்தரும் வகுப்புக்கு வரும் மாணவன் ஒருவன், படிவம் 1 படிப்பவன், கடைப் பையை ஹேண்டலில் மாட்டிக்கொண்டு போனான். திருப்பத்தில் பை ஆடி, முன் சக்கரக் கம்பிக்குள் நுழைந்தது. சக்கரம் அப்படியே நின்றது. பையன் ஹேண்டலைத் தாண்டித் தார் ரோட்டில் விழுந்தான். முன்பல் இரண்டு உடைந்தன. பின்னால் லாரி வரவில்லை, அதுதான் அன்றைய அதிர்ஷ்டம். பையில் என்ன பெரிய பாரம்? ஒரு கிலோ சீனியும் ஒரு டின் பாலும்தான்!

எனவே இன்றைய பாடத்தின் சாரம் இதுதான்: எடையைவிட ஆட்டம்தான் ஆபத்து. சுமை சைக்கிளோடு ஒட்டி, அதன் உறுப்பு மாதிரி ஆகிவிட வேண்டும்.

1. எங்கே வைப்பது?

பின் கேரியர்தான் சரியான இடம். ஹேண்டலில் தொங்கும் பை ஒவ்வொரு திருப்பத்திலும் நம்மை எதிர்த்து இழுக்கும். முதுகில் மாட்டும் கனமான புத்தகப்பை உடம்பின் பாரத்தை மேலே ஏற்றிவிடும், திரும்பும்போது தள்ளாடும். கனமான பொருள் அடியிலும் சீட்டுக்கு அருகிலும் இருக்கட்டும், லேசானது மேலே போகட்டும். இரண்டு பக்கமும் தொங்கவிட்டால் எடை சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 5 கிலோ அரிசிப் பை தொங்கினால் சைக்கிள் நாள் முழுக்க அந்தப் பக்கமே சாயும்.

கேரியருக்கும் எல்லை உண்டு. பல கேரியர்களில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருப்பார்கள். 25 கிலோ என்பதைப் பரவலாகக் காணலாம். அதைத் தேடிப் படியுங்கள். 1954-இல் வியட்நாமின் தியன் பியன் பூ போரில் ஒரே சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றிப் போனார்கள். ஆனால் யாரும் அதில் ஏறி ஓட்டவில்லை. ஹேண்டலில் நீள மூங்கில் கட்டி, பக்கத்தில் நடந்தபடியே தள்ளிப் போனார்கள். மூட்டைகளை இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டார்கள். கையில் கிடைத்த மூங்கிலை வைத்தே வேலையை முடித்தார்கள் பாருங்கள்.

2. எதைக் கொண்டு கட்டுவது?

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். அவர் சைக்கிளில் எப்போதும் ஒரு பழைய டியூப் பட்டை சுற்றியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய எந்தக் கயிற்றையும் அவர் அந்த அளவு நம்பியதில்லை. காரணம் இருக்கிறது. ரப்பர் நீளும், பிறகு சுருங்கி இறுக்கிப் பிடிக்கும். வழுக்காது. ரோட்டுக் குழியில் சாமான் குலுங்கிக் கீழே அமர்ந்தாலும் பட்டை கூடவே சுருங்கும். சாதாரணக் கயிறு அப்போது தளர்ந்துவிடும்.

சைக்கிள் கடையில் பஞ்சர் ஆன டியூப் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். காற்று அடைக்கும் வால்வை வெட்டி எறியுங்கள். 26 அங்குலச் சக்கரத்தின் டியூப் என்றால் ஏறக்குறைய 2 மீட்டர் பட்டை கிடைக்கும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பவுடரைக் கழுவிக் காய வையுங்கள். ஒரு முனையைக் கேரியர் கம்பியில் இறுக்கமாக முடிந்துவிடுங்கள். மறுமுனையை நன்றாக இழுத்துப் பையின் மேல் குறுக்காகக் கொண்டுபோய் எதிர்ப்பக்கம் கட்டுங்கள். இன்னொரு பட்டையை எதிர்த்திசையில் போடுங்கள். மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி தெரிய வேண்டும். ஒற்றைப் பட்டை போதாது, பை பக்கவாட்டில் நழுவும்.

மிச்சம் தொங்கும் வாலை உள்ளே செருகுங்கள். தொங்கும் வால்தான் சக்கரத்துக்குள் போகும். புத்தகப்பையின் தோள்வாருக்கும் இதே விதி.

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வைத்திருப்பவர்கள் கவனம். இழுக்கும்போது கை நழுவினால் கொக்கி நேராகக் கண்ணுக்கு வரும். முகத்தைத் தள்ளி வைத்துக் கட்டுங்கள்.

3. கூடையும் வாளியும்

தினமும் சாமான் ஏற்றுபவர்கள் மார்க்கெட்டில் கிடைக்கும் பிளாஸ்டிக் பழப்பெட்டியைக் கேரியரில் பொருத்தலாம். நான்கு மூலையிலும் நடுவிலும் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். கேரியர் ஒடுக்கமாக இருந்தால் அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். பெட்டி பின் விளக்கை மறைத்தால், பெட்டியின் பின்புறத்தில் இன்னொரு விளக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் மாட்டாமல் இரவில் ஓட்டாதீர்கள்.

பக்கவாட்டில் தொங்கவிட, மூடியுள்ள சதுர வாளிகள் இரண்டு போதும். மேலே போல்ட்டும் அகலமான வாஷரும் போட்டுக் கேரியரோடு இறுக்குங்கள். அடிப்பக்கத்தையும் டியூப் பட்டையால் இழுத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வாளி ஆடிக் கம்பியைத் தொடும். வாளிக்குப் பதில் துணிப்பை என்றால், பைக்கும் சக்கரத்துக்கும் நடுவே பழைய விளம்பரப் பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வெட்டிக் கட்டுங்கள். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். குதிகால் இடித்தால் வாளியைப் பின்னால் தள்ளுங்கள்.

நம் ஊர் மழை சொல்லிவிட்டு வராது. புத்தகத்தைக் குப்பைப் பைக்குள் போட்டு, அதைப் புத்தகப்பைக்குள் வையுங்கள். வெளியே மாட்டினால் காற்றில் படபடத்துக் கிழியும், சக்கரத்திலும் மாட்டும்.

4. புறப்படும் முன் பரிசோதனை

சைக்கிளின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக் கீழே விடுங்கள். ஏதாவது நகர்ந்ததா? பையைப் பிடித்து உலுக்குங்கள். சைக்கிள் சேர்ந்து ஆடினால் கட்டு சரி, பை மட்டும் ஆடினால் மறுபடியும் கட்டுங்கள். பின் சக்கரத்தைச் சுற்றவிட்டு, எதுவும் உரசுகிறதா என்று கேளுங்கள். டயரில் காற்றைப் பாருங்கள். ஓட்டத் தொடங்கியதும் மெதுவாக ஒருமுறை பிரேக் பிடியுங்கள். சுமை இருந்தால் சைக்கிள் நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் இறங்கி இன்னொரு தடவை கட்டைப் பாருங்கள்.

வெயிலிலும் மழையிலும் கிடக்கும் ரப்பர் நாளடைவில் வெடிக்கும். மாதம் ஒருமுறை பட்டையை இழுத்துப் பாருங்கள். கீறல் தெரிந்தால் மாற்றுங்கள். அதற்குத்தான் செலவே இல்லையே!

செய்து பார்ப்போம்

அடுத்த வகுப்புக்கு எல்லோரும் சைக்கிளோடு வாருங்கள். ஆளுக்கு இரண்டு டியூப் பட்டை வெட்டுவோம். மூத்தவர்கள் கட்டிக் காட்டுங்கள். பிறகு அவிழ்த்துவிட்டு, சின்னவர்களைக் கட்டச் சொல்லுங்கள். நீங்களே கட்டிக்கொடுத்துவிட்டால் அவன் ஒரு நாள்தான் பத்திரமாக வீடு போவான். கட்டக் கற்றுக்கொண்டால் தினமும் பத்திரமாகப் போவான்.