கல்லூரி வலிமைப் பயிற்சியாளர் ஆவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர் பெரியோர். ஆனால், அந்தச் சுவரை எழுப்பும் கொத்தனாரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பந்தை எப்படி அடிப்பது என்று கற்றுத் தருபவர் ஆட்டப் பயிற்சியாளர். அடிக்கும் தோளுக்கும் ஓடும் காலுக்கும் வலுவும் தாங்கும் திறனும் சேர்ப்பவர் வலிமைப் பயிற்சியாளர். இப்பணிக்கு வேண்டிய தகுதிகள் யாவை என்பதை இங்குக் காண்போம்.

பணி பிறந்த கதை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பாய்ட் எப்லி என்னும் கோலூன்றித் தாண்டும் மாணவர், காயமுற்றபின் எடைப் பயிற்சி செய்துவந்தார். அவரைப் பார்த்து மற்ற வீரர்களும் எடை தூக்கத் தொடங்கினர். 1969-இல் பல்கலைக்கழகம் அவரையே பயிற்சியாளராக நியமித்தது. 1978-இல் அவர் தொடங்கிய தேசிய வலிமைப் பயிற்சிச் சங்கம் இன்று பட்டதாரிகளுக்குத் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குகிறது. நின்றுபோன இதயத்தை இயக்கும் முதலுதவிப் பயிற்சியும் பெற்றிருந்தால்தான் அச்சான்றிதழ் கிடைக்கும்.

நம் சென்னையும் இத்துறையில் பின்தங்கியதன்று. 1920-லேயே ஹாரி குரோ பக் என்பவர் இங்கு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று அது நந்தனத்தில் மரநிழலும் பரந்த திடலுமாக விளங்குகிறது. உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமென்றே ஒரு பல்கலைக்கழகம் அமைக்கத் தமிழக அரசு 2004-இல் சட்டம் இயற்றியது.

ஏணிப்படிகள்

நம் அரசுக் கல்லூரிகளில் வலிமைப் பயிற்சியாளர் என்று தனிப் பதவி பொதுவாக இல்லை. உடற்கல்வி இயக்குநரே அப்பொறுப்பையும் சுமக்கிறார். ஆகவே, அவருக்குரிய தகுதிகளே நமக்கு வழிகாட்டி.

முதற்படி, ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம். நம் பி.எஸ்.சி. பட்டமே போதும். அடுத்தது பி.பி.எட். படிப்பு. 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி இது ஈராண்டுப் படிப்பு. பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், பள்ளி, மாவட்டம் அல்லது கல்லூரிகளுக்கிடையிலான அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் பங்கேற்ற சான்றும் இருந்தால் இதற்கு விண்ணப்பிக்கலாம். வேறு சில வழிகளும் உண்டெனினும், நம்மைப் போன்றோர்க்கு எளிய வழி இதுவே. அதன்பின் எம்.பி.எட்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள், இயக்குநர் பதவிக்கு முதுநிலையில் 55 விழுக்காடும், நெட் அல்லது செட் தேர்ச்சியும், போட்டிகளில் ஆடிய சான்றும் கேட்கின்றன. அத்துடன் ஓர் ஓட்டத் தேர்வும் உண்டு. 30 வயதுக்குட்பட்ட ஆண்கள் 12 நிமிடங்களில் 1800 மீட்டரும், பெண்கள் 8 நிமிடங்களில் 1000 மீட்டரும் கடக்க வேண்டும். பிறரை ஓடச் சொல்பவர் தாமும் ஓடவல்லவராக இருக்க வேண்டும் என்பது நியாயந்தானே!

ஏட்டில் இல்லாத தகுதி

தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். தூக்கியவனை ஊர் பாராட்டும். தூக்காதவன் தலைகுனிந்து போவான். அந்தக் கல் வலிமையைச் சோதிக்குமேயன்றி வளர்க்காது. தூக்க முடியாதவனுக்குச் சிறிய கல்லைக் கொடுத்து, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கனத்தைக் கூட்டி, இடையிடையே ஓய்வும் தந்து, ஒருநாள் அவனையும் தூக்க வைப்பவரே பயிற்சியாளர்.

அதற்கு அறிவியல் வேண்டும். முழங்கால் மடங்கும் விதம் நெம்புகோல் பாடம். தசை களைப்பது வேதியியல். சென்னையின் மே மாத வெயிலில் எப்போது பயிற்சியை நிறுத்துவது என்பது உடலியங்கியல். இது தெரியாமல் கனத்தை ஏற்றினால் முதுகெலும்பு பாழாகும். அதற்குச் சான்றிதழ் பதில் சொல்லாது.

நாம் இன்று செய்ய வேண்டியது

எங்கள் பாலவாக்கத்தில் வலை இழுத்தும் படகு தள்ளியும் உரமேறிய உடலுடைய இளைஞர் பலர் உளர். மணலில் ஓடிப் பழகிய அவர்களுக்கு 1800 மீட்டர் பெரிதன்று. அவர்களைத் தடுப்பது ஒரு காகிதமே. எந்தப் படிப்புக்கு எந்தச் சான்று தேவை என்று எடுத்துச் சொல்ல முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீட்டில் ஆளில்லை. என் வீட்டிலும் அப்படித்தான்.

எனவே, நண்பர்களே, பள்ளியில் ஆடிய சான்றிதழ் பெட்டியின் அடியில் கிடந்தால் இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். இல்லாதவர்கள் நம் உடற்கல்வி இயக்குநரை அணுகி, இவ்வாண்டே ஓர் அணியில் பெயர் கொடுங்கள். மதிப்பெண் குறைந்தால் மறுதேர்வு எழுதலாம். கல்லூரிச் சட்டையணிந்து களத்தில் இறங்கும் வாய்ப்போ இம்மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. மாலை மணி அடித்ததும் திடலுக்கு வாருங்கள்!