குறைமாதக் குழந்தைக்கு எந்த லிப்பிட்?

தாய் வயிற்றில் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தைக்குக் கொழுப்பு சேர்கிறது. 28 வாரத்துக்கு முன்பே பிறந்துவிட்டால் அந்தச் சேமிப்பு கிடையாது. பாலைச் செரிக்கக் குடலும் தயாராக இருக்காது. அதனால்தான் ‘லிப்பிட்’ எனப்படும் பால்போன்ற கொழுப்புத் திரவத்தை நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். அதைத் தாமதித்தால், அத்தியாவசியக் கொழுப்பு அமிலக் குறைபாடு சில நாள்களிலேயே தலைகாட்டும்.

எந்த எண்ணெயை ஏற்றுகிறோமோ, அதன் சாயல்தான் குழந்தையின் இரத்தத்திலும் தெரியும். தேர்வில் இதுவே முக்கியம்.

மிகப் பழையது சோயா எண்ணெய். சுவீடனின் ஆர்விட் ரெட்லிண்ட் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘இன்ட்ராலிப்பிட்’ இந்த வகை. அதில் பாதிக்கு மேல் லினோலிக் என்ற அத்தியாவசியக் கொழுப்பு அமிலம். குறைபாடு வராது, ஆனால் இரத்தத்தில் லினோலிக் ஏற, மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய டி.எச்.ஏ., அராக்கிடோனிக் என்ற இரு கொழுப்பு அமிலங்களும் சரிகின்றன. வாரக்கணக்கில் ஏற்றும்போது, அதிலுள்ள தாவர ஸ்டெரால்கள் பித்தநீர் ஓட்டத்தையும் பாதிக்கக்கூடும்.

அடுத்தது கலப்பு எண்ணெய். ‘ஸ்மோஃப்லிப்பிட்’டில் சோயா 30, தேங்காய் போன்றவற்றிலிருந்து எடுக்கும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு 30, ஆலிவ் 25, மீன் எண்ணெய் 15 சதவீதம். சில நாள்களுக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் கலப்பு வகையே முதல் தேர்வு என்றன 2018-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். ஆனாலும் உயிர் பிழைப்பதிலோ வளர்ச்சியிலோ எந்த எண்ணெயும் தெளிவாக முந்தவில்லை என்றது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 ஆய்வுத் தொகுப்பு. கலப்பு எண்ணெயை அற்புதம் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

முழு மீன் எண்ணெயான ‘ஒமேகாவென்’ அன்றாடத் தேர்வல்ல, மீட்பு மருந்து. நரம்புவழி ஊட்டத்தால் பித்தநீர் தேங்கிய குழந்தைகளுக்கென அமெரிக்கா 2018-இல் அனுமதித்தது. அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 கிராம்தான். மற்றவற்றை ஐரோப்பிய வழிகாட்டுதல் 4 கிராம் வரை அனுமதிக்கிறது. எனவே கலோரி குறையும். டி.எச்.ஏ. உயரும், அராக்கிடோனிக் அமிலம் இறங்கும்.

இந்த இறக்கம் கவலைக்குரியது. கலப்பு எண்ணெயாலும் அது தீர்வதில்லை. 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு இவ்விரு அமிலங்களையும் சேர்த்து வாய்வழி ஊட்டமாகக் கொடுத்த சுவீடன் ஆய்வில் (2021), கடுமையான விழித்திரைப் பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் டி.எச்.ஏ.வை மட்டும் கொடுத்து நுரையீரல் நோயைத் தடுக்க முயன்ற 2017-இன் பெரிய ஆய்வில் அந்நோய் குறையவில்லை.

ஆகவே பெற்றோரே, எந்த லிப்பிட், எத்தனை நாள், இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடும் பித்தநீர்த் தேக்கத்தைக் காட்டும் பிலிரூபினும் எவ்வளவு என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். சில நாள்களுக்கு மட்டும் என்றால் பெயரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வாரங்கள் நீண்டால் கலப்பு எண்ணெய் உண்டா என்று கேளுங்கள். தாய்ப்பாலைப் பிழிந்து கொடுப்பதை முதல் நாளிலேயே தொடங்குங்கள்; டி.எச்.ஏ., அராக்கிடோனிக் ஆகிய இரண்டு அமிலங்களும் அதில் இருக்கின்றன.