வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பும் மல்லாபூர் நண்பருக்கு

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மகள் ஆடும் பல்கலைக்கழக பேஸ்கட்பால் அணி மார்கழியில் தெற்கு மண்டலப் போட்டிக்காகக் கோயம்புத்தூர் போகிறது, பெற்றோரும் பழைய மாணவிகளுமாக ஹைதராபாத் மல்லாபூரிலிருந்து ஒரு டஜன் பேர் கூடவே கிளம்ப நினைக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதல் ஆட்டம் யாரோடு, என்றைக்கு, காலையா ராத்திரியா, ஒன்றும் தெரியவில்லை, பி.டி. மேடத்தைக் கேட்டால் "ஃபிக்ஸ்சர் வரட்டும் சார்" என்கிறார். "இப்படி ஒரு மேட்சுக்கு எப்படி சார் ஆசையாகக் காத்திருப்பது?" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அந்த வரிதான் இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

முதலில் டிக்கெட் கவலையை முடித்துவிடுவோம். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 60 நாள். அந்த 60 நாளுக்குள் ஃபிக்ஸ்சர் வரும், பிறகு பார்த்துப் போடலாம் என்று இருந்தால் சபரி எக்ஸ்பிரஸ் நிரம்பிவிடும். மார்கழியில் அந்த வண்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருமுடியும் கறுப்பு வேட்டியுமாக ஏறும் ஐயப்ப சாமிகளுக்கு நடுவே உங்கள் கோஷ்டிக்கு ஓர் ஓரம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். தட்காலை நம்பவே நம்பாதீர்கள். ஒரு தட்கால் டிக்கெட்டில் நான்கு பேர்தான் போக முடியும். ஸ்லீப்பருக்குக் காலை 11 மணிக்குக் கதவு திறந்தால் மூன்று தனித்தனி டிக்கெட்டை ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். போட்டி தொடங்கும் தேதி மட்டும் தெரியும் அல்லவா? அதற்கு முந்தின நாள் கோவையில் இறங்குகிற மாதிரி இப்போதே போட்டுவிடுங்கள். எந்த நிலையத்தில் ஏறுவது என்பதையும் டிக்கெட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத் நிலையத்தில் சீரமைப்பு வேலை நடப்பதால் பல வண்டிகளைச் சர்லபள்ளிக்கு மாற்றியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் திறந்த அந்தப் புது முனையம் பக்கத்திலேயே இருப்பதால் மல்லாபூர்க்காரர்களுக்கு ஒருவகையில் லாபம்தான்.

திரும்பும் டிக்கெட்தான் சிக்கல். மண்டலப் போட்டி நாக்-அவுட்டில் தொடங்குகிறது. ஜெயித்தால் மறுநாள் அடுத்த ஆட்டம், தோற்றால் அன்று ராத்திரியே மூட்டை கட்ட வேண்டியதுதான். தாக்குப்பிடித்துக் கடைசி நான்குக்குள் வந்துவிட்டால் அந்த நால்வரும் லீக் முறையில் மோதுவார்கள், நால்வருக்கும் அகில இந்தியப் போட்டிக்கு இடம் உண்டு. ஆக, திரும்பும் தேதி என்று ஒன்றைப் போடும்போது மகளின் அணி எதுவரை போகும் என்று நீங்களே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். முதல் நாளே திரும்புகிற மாதிரி எந்தத் தகப்பன் போடுவான்? கடைசி நாளுக்கே போடுங்கள். சீக்கிரம் தோற்றால் ரத்து செய்து கொஞ்சம் பணம் போகட்டும்.

ஃபிக்ஸ்சர் ஏன் இவ்வளவு தாமதம் என்று பி.டி. மேடத்தின் மேல் கோபப்படாதீர்கள், அவர் கையில் ஒன்றும் இல்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்திடம் நடத்தக் கொடுக்கிறது. தெற்கு மண்டலத்தில் அணிகள் ஏராளம். எத்தனை வரும், எது பேர் கொடுத்துவிட்டு வராமல் இருந்து எதிரணிக்கு வாக்-ஓவர் கொடுக்கும் என்பதெல்லாம் கடைசிவரை இழுக்கும். எல்லாரையும் ஒரே ஊரில் ஒரே வாரத்தில் கூட்டி முடித்துவிடுவது செலவுக்கும் சரி, பரீட்சைக்கும் சரி, வசதி. ஒரு பயணம், ஒரு ஹாஸ்டல், ஒரு சாப்பாட்டுக் கணக்கு. கணக்குப் பார்த்து நடத்துபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கில் ஆட்டத்தைப் பார்க்க வருபவர் என்று ஒருவர் இல்லவே இல்லை. மேனேஜருக்குச் சொன்னால் போதும், கோச்சுக்குச் சொன்னால் போதும். மல்லாபூரில் ஒருவர் டிக்கெட் போடக் காத்திருப்பார் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. நம் கல்லூரி அணிகளுக்கு வருஷத்தின் பெரிய ஆட்டங்கள் எல்லாமே வெளியூர் ஆட்டம்தான். ஆனால் எதிரே நிற்பவர்களுக்கும் அது வெளியூர். ஹைதராபாத்திலிருந்து ஓர் அணியும் கோழிக்கோட்டிலிருந்து ஓர் அணியும் கோவையில் காலை ஏழு மணிக்கு மோதும்போது படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது யார் தெரியுமா? அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் வேறு இரண்டு அணிகள். ஷூ லேஸைத் தளர்த்திவிட்டு, காலை நீட்டி, செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று பாயின்ட் விழுந்தால் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்கள். ஒரு பந்துக்காகத் தரையில் உருண்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுகிற பெண்ணுக்கு அந்த அரங்கில் கிடைப்பது அவளுடைய பெஞ்சிலிருந்து வரும் கைதட்டல் மட்டும்தான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இது தலைகீழ். வட கரோலினா மாநிலத்தில் டியூக், வட கரோலினா என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. ஒரு சீசனில் குறைந்தது இரண்டு முறை மோதுவார்கள், ஒன்று இவர்கள் அரங்கில், ஒன்று அவர்கள் அரங்கில். தேதி மாதக்கணக்கில் முன்பே வந்துவிடும். டியூக்கின் கேமரன் அரங்கம் 1940-ல் கட்டியது, 9,314 பேருக்குத்தான் இடம். அந்த ஆட்டத்துக்கு இடம் பிடிக்க மாணவர்கள் அரங்க வாசலில் கூடாரம் போட்டுக் குளிரில் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்கும் வழக்கம் 1986-லிருந்து நடக்கிறது. கோச்சின் பெயரைக் கொண்டு அந்தக் கூடார ஊருக்கே பெயர் வைத்துவிட்டார்கள். இதில் பைத்தியக்காரத்தனம் கொஞ்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் போன மாதம் தோற்றது நினைவில் இருக்க, எந்தப் பெண் கடைசி நிமிடத்தில் பந்தைத் தட்டிப் பறித்தாள் என்பது நினைவில் இருக்க, அடுத்த மாதம் இன்ன தேதியில் அவர்கள் ஊருக்கே போய்த் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்று நாள் எண்ணுவது இருக்கிறதே, அதற்குத் தேதியும் எதிராளியின் பெயரும் முன்கூட்டியே தெரிய வேண்டும். நமக்கு இரண்டும் கிடையாது. உங்கள் கேள்விக்கு நேர் பதில் இதுதான்: நம் ஊர் ரசிகனுக்கு ஆசை குறைவில்லை, அதை வைத்துக்கொள்ள ஒரு நாள்தான் கொடுப்பதில்லை.

கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம், பெரியகுளம் போதும். தேனி மாவட்டத்தில் அந்தச் சின்ன ஊரில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் மே மாதம் நடத்தும் அகில இந்திய பேஸ்கட்பால் போட்டி அறுபது வருஷத்தைத் தாண்டிவிட்டது. ராணுவம், வங்கி, மின்வாரியம் என்று அணிகள் வரும். விளக்கு வெளிச்சத்தில் ராத்திரி ஆட்டம். மே மாதம் என்றால் போட்டி என்று ஊருக்கே தெரியும். எந்த அணி வந்தாலும் அதற்கு அங்கே ஒரு கூட்டம் சேர்ந்துவிடும், வெளியூர் அணிக்கும்தான். கல்லூரிப் போட்டிகளிலும் சென்னை லயோலாவின் பெர்ட்ரம் நினைவுப் போட்டி மாதிரி, வருஷா வருஷம் வரும் என்று நம்பிக் காத்திருக்க முடிகிற சில உண்டு. மண்டலப் போட்டிக்கும் முதல் சுற்றின் அட்டவணையை ஒரு மாதம் முன்பே வெளியிட்டால் வானம் இடிந்துவிடாது. வராத அணிக்கு வாக்-ஓவர், அவ்வளவுதானே.

சரி, உங்கள் மகளின் ஆட்டத்துக்கு வருகிறேன். வெளியூர் கோர்ட்டில் ஓர் அணிக்கு என்னதான் கஷ்டம்? ரிங் எல்லா ஊரிலும் 3.05 மீட்டர் உயரம்தான், ஃப்ரீ த்ரோ கோடு எல்லா ஊரிலும் போர்டிலிருந்து 4.6 மீட்டர்தான். அதற்கு மேல் எதுவும் ஒன்றாக இருக்காது. சில ரிங் இறுக்கமாக இருக்கும், பந்து பட்டதும் வெளியே துள்ளும். சிலது தொளதொளவென்று பந்தை உள்ளே விழுங்கிக்கொள்ளும். உள்ளரங்கு மரத்தரையில் பழகியவர்களைச் சிமெண்ட் கோர்ட்டில் இறக்கினால் முட்டி முனகும். திறந்தவெளி என்றால் மார்கழிப் பனி வேறு. காலை முதல் ஆட்டத்துக்குத் தரை ஈரமாகவே இருக்கும், சாக்குத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் மகள் ஒவ்வொரு முறை டிஃபென்சுக்கு நிற்கும்போதும் குனிந்து உள்ளங்கையால் ஷூவின் அடியைத் துடைக்கிறாளா என்று பாருங்கள். துடைத்தால் தரை வழுக்குகிறது என்று பொருள், அன்றைக்கு வேகமாகத் திரும்பி ஓடும் ஆட்டம் செல்லாது. இதையெல்லாம்விட முந்தைய ராத்திரி. ஸ்லீப்பர் கோச்சில் ஆறடிக்குப் பக்கத்தில் வளர்ந்த சென்டர் பிளேயருக்கு சைடு பெர்த் வந்துவிட்டால் விடிய விடியக் காலை மடக்கிக்கொண்டுதான் படுக்க வேண்டும். மறுநாள் அந்தக் கால்களை நம்பித்தான் ரீபவுண்ட்.

அப்புறம் கூட்டம். அமெரிக்காவில் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் 2013-லிருந்து ஒரு குறும்பு செய்கிறார்கள். எதிரணி ஃப்ரீ த்ரோ போடப் போகும் நேரம் போர்டுக்குப் பின்னால் ஒரு திரை விலகும், உள்ளேயிருந்து வேஷம் கட்டிய யாராவது குதித்து ஆடுவார்கள். 2016-ல் ஒருநாள் திரை விலகியபோது நீச்சல் ஜட்டியோடு உள்ளே நின்றவர் மைக்கேல் ஃபெல்ப்ஸ், ஒலிம்பிக் தங்கங்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு! எந்தப் பையன் அப்போது ரிங்கைப் பார்ப்பான்? நம் கண்ணாடி போர்டுக்குப் பின்னால் வேப்பமரமும் தண்ணீர் டேங்கும்தான் தெரியும் என்பதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது.

நீங்கள் பன்னிரண்டு பேர் போய் என்ன ஆகிவிடும் என்று தயங்க வேண்டாம். எதிரணிக்கும் அங்கே ஆள் கிடையாது என்று சொன்னேனே. காலியான அரங்கில் பன்னிரண்டு தொண்டை பெரிய சங்கதி. எப்போது கத்துவது என்பதுதான் முக்கியம். கூடை விழுந்தால் யாரும் கத்துவார்கள். எதிரணி கையில் பந்து இருக்கும்போது 24 விநாடிக் கடிகாரத்தைப் பாருங்கள். கடைசிப் பத்து விநாடியில் எல்லாருமாகச் சேர்ந்து எண்ணத் தொடங்குங்கள். பத்து விநாடி தடுத்து நின்றவளுக்கு இன்னொரு ஐந்து விநாடிக்குத் தெம்பு அப்படித்தான் வருகிறது. ஒரு குவார்ட்டரில் நான்கு டீம் ஃபவுல் தாண்டினால் அடுத்ததற்கெல்லாம் இரண்டு ஃப்ரீ த்ரோ; அந்தக் கணக்கை உங்களில் ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கடைசி விநாடியில் யாருக்கு வேளை வரும் என்று சொல்ல முடியாது. 2015 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டியில் மேரிலேண்ட் அணிக்கு வருண் ராம் என்ற இந்திய வம்சாவளிப் பையன் ஆடினான். அதிகம் இறக்காத பையன். வால்பரைசோ அணி மூன்று பாயின்ட் பின்தங்கி, சமன் செய்யக் கடைசி முயற்சி. அந்தச் சில விநாடிகளுக்காகவே அவனை உள்ளே அனுப்பினார் கோச். ஒட்டிக்கொண்டு நின்றான், எதிரி கையிலிருந்து ஷாட்டே போகவில்லை. 65–62. அதுவும் இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத ஊரில் நடந்த ஆட்டம்தான்.

செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று. "பாஸ் கொடு, ஷூட் பண்ணு" என்று மகளுக்குப் படிக்கட்டிலிருந்து ஆணை போடாதீர்கள். கோச் ஒன்று சொல்வார், அப்பா ஒன்று சொல்வார், அவள் இரண்டுக்கும் நடுவில் பந்தை விட்டுவிடுவாள். ரெஃப்ரியைத் திட்டுவதையும் உங்களில் ரொம்பவும் பொறுமைசாலியான ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள், அவர் திட்டவே மாட்டார்.

மகள் "நீங்க யாரும் வராதீங்க, டென்ஷனா இருக்கும்" என்றாள் என்று கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது பொடி எழுத்தில் எழுதும் விஷயமில்லை. கிளம்பும் முன் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். மல்லாபூரிலிருந்து ஒரு கூட்டம் அணிக்காக வருகிறது, நீ ஆடினாலும் பெஞ்சில் இருந்தாலும் அணிக்காகத்தான் வருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் உங்கள் டிக்கெட்டை வேறொரு பெண்ணின் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் யூடியூபில் பாருங்கள். நடத்துகிறவர்கள் நேரலை போட்டால் ஒரே கேமராதான் இருக்கும், ஸ்கோர்போர்டு அதில் தெரியாது. கூடப் போனவர்களில் ஒருவரைக் குவார்ட்டருக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் ஸ்கோர் போடச் சொல்லி வையுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் எனக்கும் எழுதுங்கள். ஜெயித்தோம், தோற்றோம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஃப்ரீ த்ரோ எத்தனைக்கு எத்தனை விழுந்தது என்று வேண்டும், பெஞ்சிலிருந்து யார் இறங்கினார்கள் என்றும் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளன்