நிலம் கண்டவர் யார்?

நுழையும்முன்

கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார். வாஸ்கோடகாமா இந்தியாவிற்குக் கடல்வழி கண்டார் என்று படித்திருக்கிறோம். அவர்கள் கரையேறிய நாளிலேயே அந்நிலங்களில் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவ்வாறாயின், ஒரு நிலத்தைக் கண்டவர் என எவரைக் கூறுவது? செங்கல்பட்டு நிலப்பகுதியையும் மாமல்லபுரக் கடற்கரையையும் சான்றாகக் கொண்டு இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கல் கூறும் செய்தி

1863ஆம் ஆண்டு மே 30 அன்று, பல்லாவரத்துச் செம்மண் சரளைப் படிவில் கல் ஒன்று கிடைத்தது. அதனைக் கண்டெடுத்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் பூட். அது மனிதக் கைகளால் செதுக்கப்பட்ட கைக்கோடரி என்று அவர் உணர்ந்தார். இந்தியாவில் பழைய கற்கால மாந்தர் வாழ்ந்தனர் என்பதற்கு அதுவே முதற்சான்றாயிற்று. அதே ஆண்டில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலும் அடங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகள் கிடைத்தன. அங்கு சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் நிகழ்த்திய அகழாய்வு, அக்கருவிகளுள் தொன்மையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையுடையவை என 2011இல் அறிவித்தது.

நம் இனமாகிய தற்கால மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. அதற்கும் நெடுங்காலம் முன்பே, நீரையும் இரையையும் கல்லையும் தேடி நடந்த மாந்தர் இந்நிலத்தை அறிந்திருந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற எழுத்து, கல்லில் பதிந்த கைவினை மட்டுமே.

கடல் திறந்த வாயில்

நிலத்தில் நடந்தவர் தம் அடிச்சுவட்டைப் பின்பற்றித் திரும்பலாம். கடலில் அடிச்சுவடு இல்லை. காற்றும் விண்மீனும் நீரோட்டமும் நீரின் நிறமுமே அங்கு வழிகாட்டிகள். பருவந்தோறும் திசைமாறி வீசும் காற்றைக் கணித்தவரே தொலைவுப் பயணம் மேற்கொள்ள இயலும். அவ்வறிவு ஒருவர் ஒரு நாளில் பெற்றதன்று. பல தலைமுறைப் பட்டறிவின் விளைவு.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்புளூசு' என்னும் நூல், கிழக்குக் கரைத் துறைமுகங்களாகக் கமரா, பொதுகே, சோபட்மா ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. கரையோரம் செல்லும் சிறு கலங்களையும் கங்கை முகத்துவாரத்திற்கும் கிழக்கு நாடுகளுக்கும் செல்லும் பெருங்கலங்களையும் அது வேறுபடுத்திக் காட்டுகிறது. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, பாலாற்று முகத்துவாரத்தின் அருகிலுள்ள வசவசமுத்திரத்தில் உறைகிணறுகளும் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்துள்ளன. பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினத்தில் கலங்களை அழைக்கும் கலங்கரை விளக்கத்தைக் காட்டுகிறது. அப்பட்டினம் மாமல்லபுரமே என்பர் ஆய்வாளர் சிலர்.

தெரிந்து தெளிவோம்

வடக்கிலிருந்து வீசும் காற்று வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என வழங்குகிறது.

வந்தவரும் சென்றவரும்

பல்லவர் காலத்தில் காஞ்சியின் கடல்வாயிலாக மாமல்லபுரம் விளங்கியது. கி.பி. 640ஆம் ஆண்டளவில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இலங்கைக்குச் செல்ல எண்ணியிருந்தார். அங்கிருந்து வந்த பௌத்தத் துறவியர், மன்னர் இறந்ததையும் பஞ்சம் நிலவுவதையும் எடுத்துரைக்கவே, அப்பயணத்தைக் கைவிட்டார். உலகம் போற்றும் பயணியின் வழியையும், முன்பே கடல் கடந்து வந்தோரின் சொல்லே முடிவு செய்தது.

தமிழ் வணிகரும் கடல் கடந்தனர். தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த கி.பி. 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் அதனைக் காக்கும் மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகிறது. சென்ற இடத்தில் நீர்நிலை அமைத்து நிலைத்த வணிகரின் தடம் அது.

1498இல் வாஸ்கோடகாமாவும் ஆப்பிரிக்காவின் மலிந்தியில் வழியறிந்த மாலுமி ஒருவரை ஏற்றிக்கொண்ட பின்னரே அரபிக்கடலைக் கடந்து கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். அவ்வழியை அறிந்தோர் அவருக்கு முன்பே பலர் இருந்தனர்.

அளந்து கண்ட நிலம்

நிலத்தை அறிவதன் அடுத்த படி, அதனை அளப்பது. 1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலையின் அருகே எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுடைய அக்கோட்டின்மேல் முக்கோணங்களை அடுக்கி வளர்ந்த நில அளவைப் பணி, இமயம்வரை சென்றது. அரை டன் எடையுள்ள கோணமானியைச் சுமந்தோர், குன்றுகளில் கொடி பிடித்து நின்றோர், காட்டுக் காய்ச்சலுக்கு இரையானோர் பலர். உலகின் உயர்ந்த சிகரத்தின் உயரக் கணக்கீட்டில் முதன்மைப் பங்காற்றியவர் இராதாநாத் சிக்தார். ஆயினும், முன்னரே ஓய்வுபெற்றிருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரே 1865இல் சிகரத்திற்கு நிலைபெற்றது. அதன் அடிவாரத்தில் வாழும் திபெத்தியர் அதனைச் சோமோலுங்மா என்றழைக்கின்றனர்.

பெயர் பெறாதோர்

ஒரு நிலத்தை அறிவதில் மூவர் பங்குண்டு: முதலில் அடியெடுத்து வைத்தவர், வழியறிந்து நடத்தியவர், கண்டதை எழுதி வைத்தவர். வரலாறு பெரிதும் மூன்றாமவரின் பெயரையே நினைவில் கொள்கிறது. எழுதியவரின் பணி சிறிதன்று; பூட் எழுதியிராவிடில் பல்லாவரத்துக் கல் வெறுங்கல்லாகவே கிடந்திருக்கும். எனினும், ஒருவர் பெயரை மட்டும் தாங்கிய பதிவு, உடன் உழைத்த பலரை மறைத்துவிடுகிறது.

நீர் நிறம் கண்டு ஆழமறியும் மீனவரின் அறிவில் எழுதப்படாத பகுதி இன்றும் மிகுதி. கேட்டறிந்து, கூறியவரின் பெயருடன் பதிவு செய்தாலன்றி அதுவும் மறையும். அப்பணிக்குக் கப்பல் வேண்டியதில்லை. செவியும் எழுதுகோலும் போதும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் காற்று, மழை, நீரோட்டம் குறித்து மீனவரும் உழவரும் வழங்கும் சொற்களைத் தொகுத்து, கூறியவர் பெயருடன் வகுப்பில் வழங்குக.

2. 'கண்டுபிடித்தல்' என்னும் சொல்லை எந்நிலையில் பயன்படுத்தலாம்? வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.