நீர்ப்பம்பிக்கு ஒரு பார்வைக் குழாய்

வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போதே பம்பியின் நீர் குறைந்து, பின்னர் அறவே நின்று, இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் பலர் அறிந்த தொல்லையாகும். குழாயை மீண்டும் நீரால் நிரப்பி ஓட்டினாற் சிறிது நேரம் ஓடி மறுபடியும் நின்றுவிடும். எரிபொருள் வீணாவதுடன், நீரின்றிச் சுழலும் பம்பியின் சீல் சூடேறிக் கெட்டும் போகும். கோடையில் இரண்டு இறைப்புத் தவறினாற் பயிரின் நிலை யாதென்று சொல்லவேண்டியதில்லை.

பெரும்பாலும் இதற்குக் காரணம் உறிஞ்சு குழாயிற் புகும் வளியே. வாய்க்காலுக்கு நீர் கொண்டுசெல்லும் குழாயிற் பிளவு உண்டானால் நீர் பீறிட்டு அவ்விடத்தைக் காட்டிவிடும். உறிஞ்சு குழாயின் உள்ளேயோ அமுக்கம் வெளியிலும் குறைவு. ஆதலாற் பிளவின் வழியே நீர் வெளிவராது, வளியே உட்செல்லும். மூட்டு உலர்ந்து, குறையொன்றும் இல்லாததுபோலத் தோன்றும். பழுதில்லாத அடிவால்வுக்குப் பணம் செலவிடுவது இவ்வாறுதான் நேர்கின்றது.

தொழிற்சாலைகளிற் குழாய்களின் இடையே தடித்த கண்ணாடி பதித்த பகுதியொன்றை அமைத்து, உள்ளே திரவம் ஓடுகின்றதா, நின்றதா, குமிழி கலந்துள்ளதா என்று பார்த்துக்கொள்வர். இம்முறையைக் கமக்காரரும் எளிதிற் கைக்கொள்ளலாம். பம்பியின் வாய்க்கு அருகே, ஓர் அடி நீளமான, ஊடுதெரியும் தடித்த பிளாத்திக்குக் குழாய்த் துண்டைப் பொருத்துதல் போதுமானது. மெல்லிய குழாய் உறிஞ்சும்போது சப்பையாகிவிடும். கண்ணாடி தோட்டத்தில் நெடுநாள் நிலையாது. கம்பிச்சுருள் பதித்த ஊடுதெரியும் குழாயாலும் குமிழிகளைக் காணலாம். உறிஞ்சு குழாய் கிணற்றிலிருந்து பம்பிவரை தொடர்ந்து ஏறியே செல்லவேண்டும்; இடையில் வளைந்து உயர்ந்தால் அம்மேட்டில் வளி தங்கிவிடும்.

தெளிந்த நீர் நிறைந்த குழாயும் வெறுங்குழாயும் ஒன்றுபோலவே தோன்றுதல் இதிலுள்ள இடர். கொதிகலன்களின் நீர்மட்டக் கண்ணாடியில் இதற்கொரு நல்ல உபாயம் உண்டு. அதன் பின்னே சரிந்த கோடுகள் வரையப்பட்டிருக்கும். உருண்டையான நீர்த்தூண் வில்லைபோல் இயங்குவதால், நீருள்ள இடத்திற் கோடுகள் எதிர்ப்புறம் சரிந்து தெரியும். கமக்காரரும் ஒரு பலகையிற் சரிந்த கோடுகளை வரைந்து குழாயின் பின்னே வைக்கலாம். இரண்டங்குலக் குழாயாயின் இடைவெளி மூன்று அங்குலமாவது இருத்தல் வேண்டும். பலகை குழாயை ஒட்டியிருந்தாற் கோடு திரும்பாது. கம்பிச்சுருட் குழாய் இதற்கு உதவாது.

பம்பி ஓடத் தொடங்கிய முதல் ஓரிரு நிமிடங்களிற் குமிழிகள் வருதல் இயல்பே. அதன் பின்னும் இடையறாது குமிழிகள் வரின் ஏதோவொரு மூட்டில் வளி புகுகின்றது. பம்பி ஓடும்போதே ஒவ்வொரு மூட்டின்மேலும் கிறீசு அல்லது குழைத்த களிமண்ணை அப்பிப் பார்த்தல் வேண்டும். எந்த மூட்டை மூடியதும் குமிழி நிற்கின்றதோ பழுது அங்கேயே உள்ளது. குமிழி பெருங்கட்டிகளாக விட்டுவிட்டு வருமாயின் கிணற்று நீர்மட்டத்தைப் பார்க்கவேண்டும். அடிவால்வின் மேல் இரண்டடி நீராவது இல்லாவிடிற் சுழி உண்டாகி வளியை இழுக்கும். பம்பியை நிறுத்தியபின் குழாயில் நீர் நிலைத்து நின்றால் அடிவால்வு நல்லது. நீர் இறங்கிவிடுமாயின், மூட்டுகளிற் பழுதில்லையென்று கண்ட பின்னரே அடிவால்வைக் கழற்றுதல் நன்று. அதில் மணலோ குச்சியோ சிக்கியிருக்கலாம்.

நீர் பால்போல் வெளுத்து, பம்பிக்குள் சரளைக்கல் உருள்வதுபோன்ற ஒலி கேட்குமாயின் அது பிளவினால் வந்ததன்று. உறிஞ்சும் உயரம் மிகுந்தது என்பதே பொருள். வளிமண்டல அமுக்கம் நீரைத் தாங்கக்கூடிய உயரம் கடல்மட்டத்தில் 33 அடியளவே. நடைமுறையில் 20 அடிக்கு மேற்பட்டாற் பம்பி நன்கு வேலை செய்யாது. நீர்மட்டம் தாழும் மாதங்களில் இவ்வாறு நேரும்போது மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுவோர் உளர். ஒருபோதும் அவ்வாறு செய்தலாகாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு கிணற்றில் நிறைந்துவிடும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்குபவரும் உயிரிழக்க நேரும். அத்தகைய கிணற்றுக்கு நீரில் அமிழ்ந்து இயங்கும் மின்பம்பியே ஏற்றது.

வெயில் படும் பார்வைக் குழாயிற் பாசி பிடிக்கும். பிளாத்திக்கும் மஞ்சளித்து வெடிக்கும். பார்க்காத வேளைகளிற் சாக்குத் துண்டொன்றைச் சுற்றி வைத்து, போகத் தொடக்கத்திற் கழற்றிக் கழுவி, வெடிப்புக் கண்டால் உடனே மாற்றுதல் வேண்டும். வெடித்த பார்வைக் குழாயும் வளி புகும் வழியே.